தட்டம்மைப் பட்டைக்கு யார் விலை வைப்பது?

தமிழ்நாட்டில் கைப்பிள்ளை இருக்கும் வீடுகளுக்குப் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் எந்தத் துணை சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் அன்றைய நடைமுறை ஒன்றுதான். ஐஸ் பேக் அடுக்கிய பெட்டி வந்து இறங்கும். கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டைப் பிரிப்பார். குழந்தையின் எடை என்ன, போன முறை ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்ததா என்ற விசாரிப்பு நடக்கும். ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்கு அன்று மூன்று குத்து: தட்டம்மை-ரூபெல்லாவுக்கு ஒன்று, நிமோகாக்கலுக்கு ஒன்று, போலியோவுக்கு ஒன்று. கூடவே வாயில் வைட்டமின் ஏ.

மூன்றில் செவிலியரை அதிகம் வேலை வாங்குவது தட்டம்மை-ரூபெல்லாதான். அது குப்பியில் உலர்ந்த பொடியாக வருகிறது. அதற்கென்றே தனியாக வரும் நீரை சிரிஞ்சில் உறிஞ்சி, குப்பிக்குள் செலுத்திக் கலக்கிய பிறகே போட முடியும். கலக்கிய நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் தீராவிட்டால் மிச்சத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஒரு குப்பியில் 5 அல்லது 10 டோஸ் இருக்கும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பது விதி. ஆனால், வீணான டோஸுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவருக்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். பீடி சுற்றுவதையோ நடவுக் கூலியையோ அரை நாள் விட்டுவிட்டு வந்த தாயிடம் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொன்னால், அடுத்த வாரம் அவர் வருவதற்கு உத்தரவாதம் கிடையாது.

குப்பி, நீர், சிரிஞ்சு மூன்றின் வேலையையும் ஒரே பட்டை செய்துவிடும் என்று மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் காட்டியிருக்கிறார்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போன்ற சிறு வட்டம் அது. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்முனைகள்; மருந்து அந்த முனைகளிலேயே காய்ந்து இருக்கிறது. தோலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஐந்து நிமிடம் விட்டால் முனைகள் தோலுக்குள் கரைந்துபோகும். 2021-க்கும் 2022-க்கும் இடையே நடந்த ஆய்வில் 45 பெரியவர்களும், ஒன்றே கால் முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகள் 120 பேரும், 9-10 மாதக் குழந்தைகள் 120 பேரும் பங்கேற்றார்கள். முடிவு 2024-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரே டோஸில், பட்டை ஒட்டப்பட்ட ஒன்பது மாதக் குழந்தைகளில் 93 சதவீதத்தினருக்குத் தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி உருவானது. ஊசி போட்டவர்களில் 90 சதவீதம். ரூபெல்லாவுக்கு இரு தரப்பிலும் 100 சதவீதம். ஒட்டிய இடத்தில் தடிப்பும் நிறமாற்றமும் பலருக்கு வந்தன. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. பட்டையை உருவாக்கியது அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள மைக்ரான் பயோமெடிக்கல் நிறுவனம். ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட ஊசி மருந்து புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்தது.

சில நூறு பேரிடம் நடந்த ஆய்வு இது. பெரிய அளவில் இன்னும் சோதிக்க வேண்டும். அனுமதிக்கு அதன் பிறகுதான் போக முடியும். ஆனாலும் ‘குழந்தைகள் இனி அழ வேண்டாம்’ என்ற பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது. ஊசியில்லாத தடுப்பு மருந்து எதைப் பற்றி எழுதினாலும் வலியில்லை என்பதே முதல் வரியாகிவிடுகிறது.

அந்த வாக்குறுதி நிற்காது. பட்டை வந்தால் ஒன்பதாம் மாதத்தின் மூன்று குத்தில் ஒன்று குறையும். இரண்டு அப்படியே இருக்கும். ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஒரு குத்துகூடக் குறையாது. காரணம், அப்போது போடப்படும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற மருந்துகளில் வீரியத்தைக் கூட்டுவதற்காக அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. தசைக்குள் போகும்போது அது பெரிய தொல்லை தருவதில்லை. தோலுக்குள் போனால் கட்டியும் வீக்கமுமாக நின்றுவிடும். ஆக, வலியைக் காரணம் காட்டி இந்தப் பட்டையை விற்றால், அதை வாங்கப்போவது நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுக்கக்கூடிய பெற்றோர்தான். அரசு இதில் அக்கறை காட்ட வேண்டிய காரணம் வேறு: கலக்கும் வேலை இல்லை, நான்கு மணி நேரக் கெடு இல்லை, மிச்சம் வீணாவதில்லை, பயன்படுத்திய ஊசி குப்பையில் கிடந்து யாரையும் குத்துவதில்லை. வெயிலையும் சில நாள் தாங்கும்படி செய்துவிட்டால் ஐஸ் பெட்டியைச் சார்ந்திருப்பதும் குறையும்.

தோல் வழியே தடுப்பு மருந்து கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கப்பட்டதே பெரியம்மைக்கான அம்மைப்பால் தயாரிக்கத்தான். அம்மை குத்திக்கொண்ட தலைமுறையில் தழும்பு இல்லாத கை அபூர்வம். பெரியம்மையைக் கடைசியில் ஒழித்துக்கட்டிய கருவி, 1960-களில் வயத் நிறுவனத்தின் பெஞ்சமின் ரூபின் வடிவமைத்த இரட்டை முனை ஊசி. மருந்தில் தோய்த்து, தோலில் படபடவென்று 15 முறை குத்த வேண்டும். அது வலிக்காத ஊசி என்று யாரும் சொல்லவில்லை. வென்றதற்குக் காரணங்கள் வேறு. உலர்த்திய மருந்து வெயிலில் கெடவில்லை. வழக்கமான அளவில் நான்கில் ஒரு பங்கு மருந்தே போதுமானதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சில நிமிடங்களில் குத்தக் கற்றுக்கொடுக்க முடிந்தது. இன்னொன்றும் உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புத் திட்டத்துக்குக் காப்புரிமைத் தொகையே வேண்டாம் என்று வயத் விட்டுக்கொடுத்தது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார்.

எளிமையான கருவி ஏன் உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதன் பிறகு கிராமங்களுக்குப் போய்த் தடுப்பூசி போடுவதை அரசு நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்று ஆனது. அந்த நேரத்தில் அது இயல்பான எச்சரிக்கைதான். ஆனால், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது பேருந்து ஏறிப் போனால்தான் கிடைக்கும் என்றானது. தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் முழுமையாகப் போடப்பட்ட குழந்தைகள் 2005-06-ல் 81 சதவீதம். 2015-16-ல் அது 70 சதவீதமாகச் சரிந்தது. தடுப்பூசியில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் இந்தச் சரிவு. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கிராமத்து அமர்வுகள் நின்றதை யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2019-21 ஆய்வில்தான் அளவு 89 சதவீதத்தைத் தொட்டது.

பசிபிக் தீவான சமோவாவில் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. 2018 ஜூலையில் அங்கே தட்டம்மை தடுப்பூசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. பொடியைக் கலக்க நீருக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் காலாவதியான மயக்க மருந்தைச் செவிலியர் எடுத்துவிட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. இரண்டு செவிலியர்கள் சிறைக்குப் போனார்கள். தடுப்பூசித் திட்டமே மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. மக்களின் நம்பிக்கையும் போனது. அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தபோது, இரண்டு லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கலக்குவதற்கு எதுவுமே இல்லாத பட்டையில் இந்தப் பிழைக்கு வழி இல்லை. இது ஒன்றுக்காகவே பட்டையை வரவேற்கலாம்.

ஆனால், நல்ல கருவி இருப்பதும் அது துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்வதும் வேறுவேறு. இந்தியாவுக்கு இதில் அனுபவம் உண்டு. ஊசியே இல்லாமல் தோலுக்குள் செலுத்தும் கொரோனா தடுப்பு மருந்தை உலகிலேயே முதலில் அனுமதித்த நாடு இந்தியா. அகமதாபாத்தின் ஜைடஸ் கேடிலா உருவாக்கிய ஜைகோவ்-டி, மனிதப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற முதல் டிஎன்ஏ தடுப்பு மருந்தும்கூட. 2021 ஆகஸ்ட் 20-ல் அவசரகால அனுமதி கிடைத்தது. 28,000 பேரிடம் நடந்த சோதனையின் இடைக்கால முடிவில் பாதுகாப்பு 66.6 சதவீதம். ஸ்பிரிங் விசையால் இயங்கும் கருவி ஒன்று, மருந்தை மெல்லிய நீர்த்தாரையாக நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தோலுக்குள் பாய்ச்சும். டோஸுக்கு இரு கையிலும் ஒவ்வொன்று; மூன்று டோஸுக்கு ஆறு பாய்ச்சல்.

முதலில் பயன்படுத்தத் தேர்வான ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மத்திய அரசு ஒரு கோடி டோஸுக்கு ஆர்டர் கொடுத்தது. விலை டோஸுக்கு 265 ரூபாய். செலுத்தும் கருவிக்கு டோஸ் ஒன்றுக்கு 93 ரூபாய் தனி. ஜிஎஸ்டி அதற்கு மேல். சாதாரண சிரிஞ்சு சில ரூபாய்க்குக் கிடைக்கும் நாட்டில், செலவில் கால் பங்குக்கு மேல் கருவிக்கே போனது. பேரம் முடிந்து 2022 பிப்ரவரியில் பாட்னாவில் முதல் டோஸ் போட்டபோது, நாடு ஊசியாலேயே 100 கோடி டோஸ்களைத் தாண்டி மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 15 வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு ஜனவரியிலேயே கோவாக்சின் தொடங்கிவிட்டது. 12 வயதுப் பிள்ளைகளுக்கு மார்ச்சில் கோர்பிவாக்ஸ் வந்தது. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கென முதலில் அனுமதி பெற்ற மருந்து அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போகவே இல்லை.

கருவிக்காரர்கள் கொள்ளை லாபம் பார்த்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1960-களில் பெரியம்மைக்கு எதிராக மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் பயன்பட்ட, காலால் மிதித்து இயக்கும் பாய்ச்சு கருவியில் செலவு மிகக் குறைவு. ஒரே முனை ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டது. வினையும் அங்கேதான் வந்தது. 1985-ல் கலிஃபோர்னியாவில் எடைக்குறைப்பு மையம் ஒன்றில் இத்தகைய கருவி வழியே பலருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியது. அமெரிக்க ராணுவம் 1997-ல் இவற்றைக் கைவிட்டது. அதன் பிறகு வந்த கருவிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் பிளாஸ்டிக் குழல். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலையை யார் ஏற்பது, எவ்வளவுக்கு ஏற்பது என்பதை மருந்து தயாரான பிறகு பேச உட்கார்ந்ததுதான் ஜைகோவ்-டி விஷயத்தில் நடந்த தவறு.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நாய்க்கடிப் பிரிவைப் பார்ப்பது நல்லது. முன்பெல்லாம் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரே நடுங்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் தயாரித்துவந்த, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பழைய மருந்து 2004 இறுதியோடு நாட்டில் நிறுத்தப்பட்டது. புதிய மருந்து பாதுகாப்பானது; விலை அதிகம். தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில், நான்கு முறை வந்து போட்டுக்கொண்டால் போதும் என்ற முறைக்கு 2006-ல் அனுமதி கிடைத்தபோது கணக்கே மாறியது. ஒருவருக்கு மொத்தம் 0.8 மில்லி, தசையில் போட்டால் ஐந்து முழுக் குப்பி. 2024-ல் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தோல் வழி முறை இல்லையென்றால் இத்தனை பேருக்கு இலவசமாக மருந்து கொடுப்பது சாதாரண காரியமல்ல. போலியோ ஊசி மருந்துக்கு 2016-ல் உலகளவில் தட்டுப்பாடு வந்தபோதும் இதே வழிதான் கைகொடுத்தது: ஐந்தில் ஒரு பங்கு அளவைத் தோலுக்குள் போட்டார்கள், அதை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. தோலில் காவல் செல்கள் தசையைவிட நெருக்கமாக இருப்பதால் குறைந்த மருந்தே நிறைய வேலை செய்கிறது.

ஆகவே பட்டையின் விலையைச் சிரிஞ்சின் விலையோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘கட்டுப்படியாகாது’ என்று கையை விரிப்பதும் சரியல்ல. திறந்த குப்பியில் வீணாகும் டோஸ், ஐஸ் பெட்டி, குளிர்சாதன மின்செலவு, ஊசிக் கழிவை அழிக்கும் செலவு, திரும்பிப் போய் மறுபடி வராத குழந்தை ஆகிய எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கான தரவு எங்கோ வெளிநாட்டில் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்தின் செவிலியர் பதிவேட்டிலும், தடுப்பூசிப் பதிவுக்கான யு-வின் இணையதளத்திலும் இருக்கிறது. எத்தனை குப்பிகள் ஓரிரு குழந்தைகளுக்காகத் திறக்கப்பட்டன, எத்தனை குழந்தைகள் முதல் டோஸுக்கு வந்து இரண்டாம் டோஸுக்கு வரவில்லை என்பதைப் பொது சுகாதாரத் துறை ஒன்றியவாரியாக வெளியிட்டால், விலை பேசும் மேசையில் அரசின் கை ஓங்கும்.

அந்த மேசையில் உட்காரப்போவது மத்திய அரசு. குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துகளை மாநிலங்களுக்கு வாங்கித் தருவது அதுதான். ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடி குழந்தைகள், ஆளுக்கு இரண்டு தட்டம்மை-ரூபெல்லா டோஸ். இவ்வளவு பெரிய வாடிக்கையாளரை ஒதுக்கிவிட்டு எந்த நிறுவனமும் பட்டைத் தொழில் நடத்த முடியாது. வயத் 1960-களில் தானாக விட்டுக்கொடுத்ததை, அரசு இன்று நிபந்தனையாகவே கேட்கலாம்: இத்தனை கோடி டோஸ் உறுதியாக வாங்குகிறோம், அரசுத் திட்டத்துக்குப் போகும் பட்டைக்குக் காப்புரிமைத் தொகை கிடையாது என்று. அடுத்த கட்டச் சோதனைகளுக்கு இந்தியாவில் அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போதே இந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். பொருள் சந்தைக்கு வந்த பிறகு பேசினால் 93 ரூபாய் கதைதான் திரும்ப நடக்கும்.

பட்டை கைக்கு வந்தால் முதலில் எங்கே போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. வழக்கப்படி சென்னையிலும் மாநகராட்சிகளிலும் தொடங்கினால், ஊசி நன்றாகவே வேலை செய்யும் இடத்துக்கு மாற்று கொடுத்ததாக ஆகும். வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணை மலையடிவாரத்தில் வாழும் பளியர் குடும்பங்களைப் போல, பெட்டியின் ஐஸ் உருகுவதற்குள் போய்த் திரும்ப வேண்டிய இடங்களில்தான் அதன் மதிப்பு முழுதாகத் தெரியும். மாநிலத்தின் மலைக் குடியிருப்புகள், உப்பளங்கள், ஆள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் செங்கல் சூளைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. 2009-10-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடி மாணவியருக்கு ஆய்வுத் திட்டம் ஒன்றில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போடப்பட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டது நாடாளுமன்றக் குழுவின் கடும் கண்டனத்துக்கு ஆளானது. மலைவாழ் மக்களைச் சோதனைக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. அனுமதி பெற்று, பாதுகாப்பு உறுதியான பிறகு விநியோகத்தில்தான் அவர்களுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அரசாணையிலேயே எழுதி வைப்பது நல்லது.

பட்டை வந்தால் கிராம சுகாதார செவிலியர் தேவையில்லை, அங்கன்வாடியில் யாராவது ஒட்டிவிடலாம் என்ற வாதமும் பின்னாலேயே வரும். ஆள் குறைக்க அது நல்ல சாக்கு. ஆனால், எந்தத் தடுப்பு மருந்தானாலும் ஒவ்வாமை வரலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையைக் கவனிக்க வேண்டும், வந்தால் உடனே சமாளிக்கத் தெரிய வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசிச் சமாதானப்படுத்தியவர்களில் செவிலியர்கள் முக்கியமானவர்கள். ‘ஒட்டினால் போதும்’ என்று வரும் புதுப் பொருளின் மேல் சந்தேகம் இன்னும் கூடுதலாகவே எழும். அப்போதும் பேசப்போவது அவர்கள்தான். கலக்குவதில் மிச்சமாகும் நேரம் அந்தப் பேச்சுக்குப் போகட்டும்.

கடைசியாக, தயாரிப்பு. தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-க்குள் நாட்டிலிருந்து அகற்றுவது இந்தியாவின் இலக்கு. அது ஊசியால்தான் நடந்தாக வேண்டும். ஆனால் அகற்றிய பிறகும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு டோஸ் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பட்டையின் காலம் அதுதான். ஒரு தனியார் நிறுவனத்தை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது. ஆனால், பொதுத்துறையும் தடுமாறியே வந்திருக்கிறது. கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் 2008-ல் நிறுத்திவைக்கப்பட்டு, 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக, செங்கல்பட்டில் 594 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் என்று 2012-ல் திட்டமிட்டார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்திலும் அங்கே ஒரு டோஸ்கூட உற்பத்தியாகவில்லை. அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, வளாகத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்கு எழுதினார்.

பட்டை தயாரிப்பு வழக்கமான குப்பி நிரப்பும் தொழிலைப் போன்றது அல்ல. புது இயந்திரங்கள் தேவை, புதுப் பயிற்சி தேவை. உரிமம் பெற்று இயந்திரம் பொருத்திச் சோதனை உற்பத்தி முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். காம்பியா பட்டைக்கு அனுமதி கிடைக்கவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கலாம். செங்கல்பட்டில் எதைத் தயாரிப்பது, யார் நடத்துவது என்பதை மத்திய, மாநில அரசுகள் அந்த இடைவெளிக்குள் முடிவு செய்தால், விலை பேசும்போது இந்தியா வாங்குபவராக மட்டும் இல்லாமல் தயாரிப்பவராகவும் உட்காரலாம்.